பாதரசம் ஏறவில்லை

காய்ச்சல் பார்க்கிற பழைய கண்ணாடிக் குழாய்க்கு ஒரு குறை உண்டு. அது காய்ச்சலுக்காகவே செய்யப்பட்டது. உடம்பு கொதித்தால் எவ்வளவு கொதிக்கிறது என்று சொல்லும். உடம்பு குளிர்ந்துகொண்டே போனால், எவ்வளவு குளிர்ந்தது என்று சொல்லத் தெரியாது. பாதரசம் அடிக்குமிழுக்குள் பேசாமல் உட்கார்ந்திருக்கும். இன்று உங்கள் கையில் இருப்பவை வேறு கருவிகள். நான் சொல்லப்போவது அந்தக் குழாயின் காலத்தில் நடந்தது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். புத்திமதி எழுத எனக்கு வராது. வந்தாலும் நீங்கள் படிக்கமாட்டீர்கள். உங்கள் வயதில் நானும் படித்ததில்லை. அதனால் தைராய்டு சுரப்பி வேலை செய்யாமல் போன ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். இப்போது சின்னக் குப்பியில் ரத்தம் எடுத்து அனுப்புகிறீர்கள், முடிவு வந்துவிடுகிறது. அப்போது தென்காசியில் அப்படி எந்தச் சோதனையும் கிடையாது. மெட்ராஸில் மூச்சை அளந்து பார்க்கிற ஓர் இயந்திரம் இருப்பதாகப் புத்தகத்தில் படித்திருந்தோம், அவ்வளவுதான். எங்களிடம் இருந்தது கண், காது, கை. பிறகு வீட்டார் சொல்கிற பேச்சு. அந்தக் கடைசிச் சமாச்சாரம்தான் எங்களைப் பலமுறை கவிழ்த்திருக்கிறது.

செங்கோட்டைப் பக்கம் திருவாங்கூரிலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் தென்காசியில் பெண்கள் வார்டில் வேலை பார்த்தேன். சாரல் தொடங்கிவிட்டால் எங்களில் ஒருவரைக் குற்றாலத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சீசனுக்கு மட்டும் திறக்கும் ஒரு சின்ன வைத்திய நிலையம். இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு நர்ஸ். பாறையில் வழுக்கி விழுந்தவர்கள் வருவார்கள், குரங்கு கடித்தவர்கள் வருவார்கள், குளித்த பசியில் கண்டபடி சாப்பிட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். எங்களுக்கு அது பாதி விடுமுறை. நானும் பையில் ஒரு நாவலைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

அருவிக்கு வேறொரு கூட்டமும் வரும். புத்தி பேதலித்தவர்களை அருவிக்கு அடியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்று நம்பினார்கள். மூலிகை கலந்த தண்ணீர் உச்சந்தலையில் இறங்க இறங்க, மண்டைக்குள் இருக்கும் சூடு தணியும் என்பது கணக்கு. அவர்களைத் தங்கவைப்பதற்கென்றே அருவிக்குப் போகும் வழியில் வீடுகள் இருந்தன. காலையில் தலை நிறையத் தைலம், இரண்டு பேர் பிடித்துக்கொள்ள அருவி, மாலையில் மறுபடியும் அருவி. மற்ற நேரம் காலில் சங்கிலி. கத்திக்கொண்டிருந்தவர் கத்துவதை நிறுத்தினால், தண்ணீர் ஏறிவிட்டது என்பார்கள். அசந்து தூங்கினால் இன்னும் விசேஷம். தூங்குகிறவரை அடுத்த முழுக்கு நேரம் வரை எழுப்பக் கூடாது என்பது அந்த வீடுகளில் கண்டிப்பான விதி. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு வீட்டை நடத்தியவர் ஒருநாள் மதியம் என்னிடம் வந்தார். கெட்ட மனிதர் அல்ல. தன்னிடம் வந்தவர்களுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுவார், கை நீட்டி அடிக்க விடமாட்டார்.

"டாக்டரம்மா, எலத்தூர்க்காரப் பொம்பள ஒருத்திக்குச் சங்கிலி ஒரசிக் கால் புண்ணாயிட்டு. களிம்பு குடுத்தா போட்டுக்கிடுதோம்" என்றார்.

"ஆளப் பாக்காமக் களிம்பு தரமாட்டேன், அண்ணாச்சி."

"அவ தூங்குதா. நேத்து சாயங்காலத்துல இருந்தே, காலைல அருவியிலகூட, ஒரு சத்தம் கெடையாது. தண்ணி நல்லா ஏறிட்டு. எழுப்பப்படாது, பாத்துக்கிடுங்க."

"நான் எதுக்கு எழுப்புறேன்? கால மட்டும் பாத்துட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு அவருடன் நடந்தேன்.

அறை இருட்டாக இருந்தது. பாயில் ஒரு பெண் படுத்திருந்தாள். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். பெயர் ஆவுடையம்மாள். தலைமாட்டில் அவளுடைய மாமியார் கோமதி ஆச்சி, வாசற்படியில் கணவர் நமச்சிவாயம். இலத்தூரில் வயலும் தோப்பும் உள்ள குடும்பம், சுத்த சைவம். அவர்கள் முகத்தில் அன்று ஒரு நிம்மதி இருந்தது. பல மாதங்களாகத் தூங்கவிடாமல் படுத்திய ஒருத்தி அமைதியாகிவிட்டாள் என்ற நிம்மதி. இன்றும் என்னால் மறக்க முடியாதது அந்த நிம்மதிதான்.

சங்கிலிப் புண் பெரிதில்லை. கணுக்காலைத் திருப்பிப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் வலை பின்னிய மாதிரி பழுப்புத் தழும்புகள் தெரிந்தன. புதியவை அல்ல, நாள்பட்டவை.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"அடுப்புச் சூடு" என்றார் நமச்சிவாயம். "கிறுக்குப் பிடிச்ச நாள்ல இருந்து அடுப்ப விட்டு நகர மாட்டா. சித்திர வெயில்ல கம்பளியப் போத்திக்கிட்டு அடுப்பு வாயில கால நீட்டிக்கிட்டு இருப்பா. இழுத்தா கத்துவா."

"ஏன் அப்படி உக்கார்றான்னு கேட்டீங்களா?"

"கிறுக்குகிட்ட என்னத்தக் கேக்கச் சொல்லுதிய?"

காலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. காலையில் குளித்த ஈரமாக இருக்கும் என்று கையைப் புடவைக்குள் விட்டு வயிற்றைத் தொட்டேன். அங்கும் அதே குளிர். குழாயை உதறி அக்குளில் வைத்து, வேண்டிய நேரத்துக்கு மேலேயே காத்திருந்தேன். பாதரசம் ஏறவில்லை. குழாய்தான் கெட்டுவிட்டதோ என்று என் வாயில் வைத்துப் பார்த்தேன், ஒழுங்காக ஏறியது. துடைத்து, உதறி, மறுபடி அவளுக்கு வைத்தேன். ஏறவில்லை.

அதன் பிறகுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண்ணிமைகள் ஊதியிருந்தன. புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்து போயிருந்தது. தோல் வறண்டு சொரசொரவென்று, நாக்கு தடித்து வாய்க்குள் அடங்காமல். நாடி எண்ணுவதற்குப் பொறுமை வேண்டியிருந்தது, அவ்வளவு நிதானம். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணை லேசாகத் தட்டினேன். பாதம் துள்ளியது, பிறகு கனமான கதவு தானாகச் சாத்திக்கொள்வதுபோல மெதுவாகத் திரும்பியது. புத்தகத்தில் படித்தது. கண்ணால் பார்த்ததில்லை.

"ஆவுடையம்மா!" என்று உரக்கக் கூப்பிட்டேன்.

"எழுப்பாதிய!" என்று அந்த வீட்டை நடத்துபவர் பதறினார்.

அவள் கண்ணைப் பாதி திறந்தாள். ஆண்பிள்ளைக் குரல்போலக் கரகரவென்று, இழுத்து இழுத்து ஒரு வார்த்தை சொன்னாள். "குளுருது."

அது தூக்கம் அல்ல, உயிர் அடங்கிக்கொண்டிருந்தது. சுரப்பி வேலை செய்யாத உடம்பால் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள முடியாது. இவள் அடுப்படியில் உட்கார்ந்து எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தாள். அதைக் கிறுக்கு என்று முடிவுகட்டி, மலையிலிருந்து விழும் தண்ணீருக்கு அடியில் தினமும் இரண்டு வேளை கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். போதாததற்கு, முரண்டு பிடிக்காமல் வரட்டும் என்று தூக்க மருந்து வேறு கொடுத்ததாக, விசாரித்தபோது சொன்னார்கள். மாலை முழுக்குக்கு இன்னும் சில மணி நேரம்தான் இருந்தது.

"இவங்கள என் இடத்துக்குக் கொண்டு போகணும். இன்னைக்கு அருவி கூடாது" என்றேன்.

வீட்டை நடத்துபவர் மறுத்தார். "இன்னும் முழுக்கு பாக்கி இருக்கு, டாக்டரம்மா. நடுவுல நிறுத்துனா மண்டையில ஏறுன தண்ணி நின்னுபோயிரும். கூறு கெட்டுப் போகும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வரக் கூடாதுதான். "சாயங்காலம் இவங்கள அருவியில நிறுத்தினா, நாளைக்கு நீங்க சங்கிலி போட வேண்டிய அவசியமே இருக்காது" என்று நமச்சிவாயத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் தாயாரைப் பார்த்தார். ஆச்சி எழுந்து, மருமகளின் ஈரத் தலைமுடியைத் தன் முந்தானையால் துவட்டத் தொடங்கினாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன். பாயோடு தூக்கி, சாரல் படாமல் சாக்கைப் போர்த்திக் கொண்டுபோனோம்.

நிலையத்தில் ஈரத் துணியை மாற்றி, இருந்த கம்பளிகளையெல்லாம் போர்த்தி, ஜன்னல்களைச் சாத்தினோம். நமச்சிவாயம் எங்கிருந்தோ ஒரு சட்டி நிறையக் கரி நெருப்புக் கொண்டுவந்தார். அதை உள்ளே விடாதீர்கள் என்றேன். ஆச்சிக்குப் பொறுக்கவில்லை.

"குளுருதுன்னு சொல்லுதா. நெருப்பு வேண்டாங்கிய. இது என்ன தாயி வைத்தியம்?"

நியாயமான கேள்வி. இப்படிக் குளிர்ந்த உடம்பை வெளியிலிருந்து அவசரமாகச் சூடாக்கினால் ரத்தமெல்லாம் தோலுக்கு ஓடி, இதயம் வறண்டு நின்றுவிடும். அந்த நேரத்தில் இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. "மெதுவா ஏறணும், ஆச்சி. சட்டுன்னு ஏறினா தாங்க மாட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தபாலாபீசுக்கு ஓடினேன்.

தென்காசியில் எங்கள் பெரிய டாக்டர் சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியவர். போனில் நான் மூச்சிரைக்கச் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். தைராய்டு மாத்திரை கொடுத்துப் பார்க்கவா என்று கேட்டேன்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது, சார்."

"கடைசிப் பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா? பால் வந்துச்சா? கேட்டியா?"

கேட்கவில்லை. அந்தக் கேள்வியின் கனம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிரசவத்தில் ரத்தம் ஏராளமாகப் போனால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி செத்துப்போவது உண்டு. அப்போதும் தைராய்டு படுத்துவிடும், ஆள் இதே மாதிரிதான் இருப்பாள். ஆனால் அவளுக்கு வெறும் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அதுவே எமன். அப்படிப்பட்டவளுக்குப் பால் சுரந்திருக்காது, மாதவிலக்கும் நின்றிருக்கும்.

"கேளு. கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு. ஆளைப் பாத்தது நீ, நான் இல்ல. மருந்துக்கு நான் திருநெல்வேலிக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்து நமச்சிவாயத்திடம் கேட்டேன். அவர் முகம் சிவந்தது. "அதெல்லாம் பொம்பளைய சமாச்சாரம். எனக்கு எப்படித் தெரியும்?" என்று வெளியே போய்விட்டார். மூன்று வருடமாக ஒவ்வொரு டாக்டரிடமும் அவர்தான் பேசியிருக்கிறார். அந்தக் காலத்து வழக்கம் அது. டாக்டரிடம் ஆண்பிள்ளை சொல்வார், நோய்க்காரி முக்காட்டோடு உட்கார்ந்திருப்பாள், மாமியார் வீட்டில் இருப்பாள். அவர் கண்ணுக்கு எது தெரிந்ததோ அதை மட்டும் சொன்னார். முகம் ஊதியிருக்கிறது என்றார், ஒருவர் நீர் பிரிய மருந்து கொடுத்தார். சோம்பலாக இருக்கிறாள் என்றார், இன்னொருவர் இரும்புச் சத்து டானிக் எழுதினார். வடகரையில் ஒரு வைத்தியர் பத்தியம் வைத்தார். பிறகு சோற்றில் எதையோ கலக்கிறீர்கள் என்று அவள் சண்டை போடத் தொடங்கினாள், சுவரோடு பேசினாள்; நரம்புக் கோளாறு என்று முடிவாயிற்று. இந்த நோய் முற்றினால் புத்தியையும் கலக்கும் என்பது அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. குறைசொல்ல மாட்டேன். அடுப்படியில் கால் நீட்டுவதை அவர் சொல்லவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை.

ஆச்சியிடம் போனேன். கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது.

"பாலா? கடைக்குட்டி நாலு வயசு வரைக்கும் குடிச்சான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் குடுத்திருக்கா. ரத்தம் எல்லாருக்கும் போறாப்லதான் போச்சு, நாந்தான கூட இருந்தேன். இப்பந்தான் தாயி, மாசம் வந்தா நிக்க மாட்டேங்கு. துணி தொவைச்சு மாளல."

"இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என்ட யாரு கேட்டா?"

அந்தப் பதிலில் ஒரு சந்தேகம் தீர்ந்தது. கோளாறு பிட்யூட்டரியில் இல்லை, தைராய்டிலேயேதான். ஆனாலும் இன்னொரு பயம் மிச்சம் இருந்தது. மாத்திரை கொஞ்சம் கூடிப்போனால் பலவீனமான இதயம் தாங்காது. கொடுக்காமல் விட்டால் எப்படியும் தாங்காது. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம், என் தலைக்குமேல் பழி வராது. ஆனால் அந்த மழையில், அந்த ரோட்டில், பாதி வழியில் இருக்கும் ஆலங்குளம் தாண்டுவாளா என்பதே எனக்குச் சந்தேகம். வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மருந்து பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் பொட்டலத்தை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துக்கொண்டிருந்தபோது நமச்சிவாயம் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது என்ன மருந்து, டாக்டரம்மா? எதுல செஞ்சது?"

நர்ஸ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சொல்லிவிடாதீர்கள் என்று. சொல்லாமல் விட்டிருக்கலாம். 'தைராய்டு மாத்திரை' என்றால் அவருக்கு அது சீமை மருந்து, அவ்வளவுதான். ஆனால் பிழைத்தால் இவள் உயிர் உள்ளவரை இதைச் சாப்பிட வேண்டும். அத்தனை காலத்துக்கு ஒரு பொய்யைக் கட்டிக் காக்க என்னால் ஆகாது. என்றைக்காவது வேறொரு டாக்டரோ மருந்துக் கடைக்காரரோ போகிற போக்கில் சொல்லிவிட்டால், அன்றைக்கே மாத்திரை கிணற்றுக்குள் போகும்.

"ஆடு மாடு மாதிரி மிருகங்களோட கழுத்துச் சுரப்பி. அதக் காயவச்சுப் பொடிச்சுச் செய்யறது" என்றேன்.

அவர் இரண்டடி பின்னால் போனார். "எங்க வீட்டுல முட்டைகூட வாசப்படி ஏறினதில்ல" என்றார். "நெனவு இல்லாதவ வாயில இதப் போட்டுட்டு, நாளைக்கு எந்திரிச்சு, ஏன் குடுத்தியன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அவரை நான் எளிதாக எடைபோட்டுவிட விரும்பவில்லை. அந்தக் கேள்வியில் மனைவிமேல் மரியாதை இருந்தது. அன்று முழுவதும் அவர் அவளை ஓர் ஆளாக நினைத்துப் பேசியது அப்போதுதான்.

ஆச்சி சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏலே, அவ எந்திரிச்சாத்தான கேப்பா? எந்திரிச்சு வந்து என்னைய ஏசட்டும். நான் கேட்டுக்கிடுதேன்." பிறகு என்னிடம், "நீங்க குடுங்க, தாயி" என்றாள்.

மாத்திரையைக் கால்வாசியாக உடைத்து, பொடித்து, பாலில் கரைத்து, ரப்பர் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கினேன். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. நம் தொழிலில் கஷ்டமான பகுதி இதுதான். கை சும்மா இருக்கும், மனசு மட்டும் ஓடும். இன்னும் கொஞ்சம் கொடுக்கலாமா என்று ஒவ்வொரு மணிக்கும் தோன்றும். நான் அலமாரியைப் பூட்டி, சாவியை நர்ஸிடம் கொடுத்துவிட்டேன், என்மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லாமல்.

சில நாட்கள் எந்த மாற்றமும் இல்லை. ஆச்சி என் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வெளிச்சத்தில் திருப்பும்போது எழுந்து வருவாள். "ஏறிட்டா?" என்பாள். இல்லை என்பேன். உட்கார்ந்துகொள்வாள். ஒரு காலையில் பாதரசம் முதல் கோட்டைத் தொட்டிருந்தது. ஒரு மயிரிழைதான். நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மருமகளின் பாதத்தைக் கம்பளிக்குள்ளிருந்து எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். டாக்டர் அழக் கூடாது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அவர் சாரல் காலத்தில் குற்றாலத்தில் வேலை பார்த்திருக்கமாட்டார்.

ஆவுடையம்மாளைத் தென்காசிக்கு மாற்றினோம். வாரங்கள் போகப்போக ஊதல் வடிந்தது. குரலில் இருந்த கரகரப்பு போய், கணீரென்று ஒரு பெண்குரல் வந்தது. சுவரோடு பேசுவது எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் அடையாளம் தெரியாமல் அவள் கட்டிலைத் தாண்டிப் போனார்கள். அவளுக்கே தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க ஆசை வந்தது.

புத்தி நன்றாகத் தெளிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு ஒருநாள் அவள் கட்டிலருகே உட்கார்ந்தேன். மாத்திரை எதிலிருந்து வருகிறது என்பதைச் சொன்னேன். "உங்களக் கேக்காமதான் குடுத்தோம். அப்போ கேக்க முடியல. இனிமே நீங்கதான் சொல்லணும்."

அவள் கணுக்காலில் இருந்த சங்கிலித் தழும்பைத் தடவினாள்.

"சங்கிலி போடையிலயும் என்னைய யாரும் கேக்கல" என்றாள். "மூணு வருசம், டாக்டரம்மா. குளுருது குளுருதுன்னு சொன்னேன். வெயில்ல எப்படிட்டி குளுரும்னு சிரிச்சாவ. பெறவு ஏசுனாவ. பெறவு சொல்லுததையே விட்டுட்டேன். அருவிக்கு அடியில நிக்கையில மட்டும் கத்துனேன். அங்கன எல்லாரும் கத்துதாவளா, என் சத்தம் யாருக்குக் கேக்கும்?"

நான் மாத்திரைப் புட்டியை அவள் கையில் கொடுத்தேன்.

"எத்தன நாளைக்குத் திங்கணும்?"

"ஆயுசு பூராவும்."

"நிறுத்துனா?"

"மறுபடியும் குளிரும்."

"அப்பம் திங்கேன்" என்றாள். "அடுப்பங்கரைக்கும் சாமி ரூமுக்கும் கொண்டு போகமாட்டேன். கெணத்தடியில வச்சுக்கிடுதேன். வாயக் கொப்புளிச்சிட்டு உள்ள போறேன். சாமிக்குத் தெரியாதா எனக்குக் குளுருதது?"

அப்படியே செய்தாள். கிணற்றடிச் சுவரில் ஒரு மாடம் இருந்ததாம், மாத்திரைப் புட்டிக்கு அதுதான் இடம். மாமியார் தினமும் வாய் கொப்புளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தாளாம். நமச்சிவாயம் மட்டும் ஊரில் எல்லாரிடமும் அருவியில் குளிப்பாட்டித் தெளிந்துவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை விஷயம் வெளியே தெரிந்தால் பந்தியில் பக்கத்தில் உட்காரமாட்டார்கள் என்ற பயம். நன்றாகிவிட்டாளே, இனி எதற்கு மாத்திரை என்றும் அவளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். அவள் தானே பஸ் ஏறித் தென்காசிக்கு வந்து அடுத்த புட்டியை வாங்கிப் போனாள். அதுவரை தனியாகப் பஸ்ஸில் ஏறியதில்லையாம்.

அடுத்த சீசனுக்கும் நானே கேட்டு வாங்கிக்கொண்டு குற்றாலம் போனேன். தொடங்கிக் கொஞ்ச நாளில் அந்தப் பழைய வீட்டுக்காரர் வந்தார். இந்தமுறை களிம்புக்கு இல்லை.

"டாக்டரம்மா, அந்த எலத்தூர்க்காரம்மா வந்திருக்காவ. உள்ள இருக்க பொம்பளைய ஒவ்வொருத்திகிட்டயும் போயி உக்காந்து என்னத்தையோ கேக்காவ. உங்க பேரச் சொல்லுதாவ, வெரட்டவும் முடியல."

போய்ப் பார்த்தேன். ஆவுடையம்மாள் சங்கிலி போட்ட ஒருத்தியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முழங்காலில் உள்ளங்கையை வைத்து, "ஒனக்குக் குளுருதா, தாயி?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்தாள். அடுத்தவள் துப்பினாள். ஆவுடை தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாய்க்குப் போனாள்.

வெளியே கூட்டிவந்து சொன்னேன். "ஆவுடை, இவங்களுக்கு வந்திருக்கிறது வேற நோய். உங்களுக்கு வந்தது நூத்துல ஒருத்திக்குக்கூட இருக்காது."

"தெரியும், டாக்டரம்மா. கேட்டா என்ன கொறைஞ்சா போகும்?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனையும் நானே கேட்டு வாங்கினேன்; அவளும் வருடா வருடம் சாரலுக்கு வந்தாள். அருவியில் குளிக்கமாட்டாள். அந்த வழியில் உள்ள வீடுகளுக்கு எல்லாம் போய்விட்டு, சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிடுவாள். வீட்டுக்காரர்கள் பழகிப்போய் மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள். போகும்போது என் வாசலில் தலையை நீட்டி, யாருமில்லை என்று கையை விரித்துக் காட்டுவாள். யாரும் இல்லாதது நல்லதுதானே என்று நான் கேலி செய்வேன். நானும் அதற்குள் மூத்தவளாகிவிட்டிருந்தேன். குற்றாலத்துக்கு இளம் டாக்டரைத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள், இது கடைசி சீசன் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வருடம் ஒரு பிற்பகல், சாரல் பிடித்துப் பெய்துகொண்டிருந்தது. ஆவுடையம்மாள் வாசலில் வந்து நின்றாள். கையை விரிக்கவில்லை. ஒரு கை யாரையோ பிடித்திருந்தது. பின்னால் ஒரு சின்னப் பெண், தலையில் தைலமும் தண்ணீரும் சொட்ட, ஆவுடையின் முந்தானைக்குள் ஒடுங்கிக்கொண்டு நின்றாள். முகம் ஊதியிருந்தது. கணுக்காலில் சங்கிலித் தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"குளுருதான்னு கேட்டா, இவ ஆமாங்கா, டாக்டரம்மா" என்றாள் ஆவுடையம்மாள்.

நான் குழாயை எடுத்து உதறினேன்.